போனது நாற்பத்திரண்டு, வந்தது நாற்பத்திரண்டு

இருபது வருஷம் ஐஸ் பாளம் சுமந்த எவாரிஸ்தோவுக்குத் தொழிற்சாலை முதலாளி முதுகில் ஒரு தட்டும், மான்சா தீவுக்கு ஒருநாள் சுற்றுலா டிக்கெட் ஒன்றும் கொடுத்தார். டிக்கெட் ஒன்றுதான். மனைவியும் கூட வந்தால் அது பரிசாகாது என்று அவர் நினைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் துண்டுமாகக் கிளம்பியவன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கார்த்தஹேனா படகுத்துறையில் இறங்கியிருக்க வேண்டும். திங்கட்கிழமை விடிந்தும் வீடு வந்து சேரவில்லை.

அவன் மனைவி ஒதிலியா பஸுர்தோ சந்தையில் மீன் அறுப்பவள். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, முழங்கையில் செதில் ஒட்டியபடியே தீவு உல்லாச ஆணையத்தின் ஜன்னல் முன்னால் போய் நின்றாள். உள்ளே பெத்ரோனா என்ற குமாஸ்தா உப்புத் தூவிய மாங்காய்க் கீற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு பெரிய பலகை தொங்கியது. ‘விபத்தில்லாத நாட்கள்: 993.’

“என் புருஷன் நேத்து தீவுக்குப் போனாரும்மா. இன்னும் வரல.”

பெத்ரோனா ஒரு காகிதத்தைப் புரட்டினாள். “போனது நாற்பத்திரண்டு, வந்தது நாற்பத்திரண்டு.”

“வீட்டுக்கு வரலையே!”

“படகுத்துறைக்கு வந்தாச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்கு வர்றதும் வராததும் உங்க குடும்ப விஷயம். வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க. கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா?”

ஒதிலியா வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அரசாங்கம் சொல்கிறதே, பார்க்காமல் எப்படி இருப்பது? ஒரு ஜோடி பழைய செருப்புதான் இருந்தது. அந்தச் செருப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. அழுகை போய்விட்டது, கோபம் போகவில்லை. மீனவர்களிடம் போய்த் தோணி கேட்டாள். தீவுக்கு ஆள் ஏற்றினால் ஆணையம் வந்து மோட்டாரைச் சம்மட்டியால் உடைக்கும் என்றார்கள். உடைந்த மோட்டார்களைக் காட்டவும் செய்தார்கள். தீவில் மீன் பிடிக்கும் தோணிகளையோ, ஞாயிறுதோறும் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்களாம். ஆணையத்தின் படகைத் தவிர வேறு வழி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் டிக்கெட் எடுத்தாள்.

அன்றைக்குப் பலகையில் 999 என்று இருந்தது. சாயங்காலம் அது ஆயிரம் ஆகப் போகிறது. துறை முழுக்கக் காகிதப் பூ. பித்தளை வாத்தியக்காரர்கள் காலையிலேயே வந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயணிகளைச் சேர்க்கும் வேலை ஏழு மணிக்குத் தொடங்கியது. ஆணையத்தின் கைடு வில்மெர், கழுத்தில் விசிலும் இடுப்பில் ரப்பர் தடியும் உள்ள கட்டுமஸ்தான ஆள். வேறு தீவுக்குப் படகு விடும் கம்பெனிக்காரன் ஒருவன் இரண்டு பயணிகளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான். வில்மெர் அவன் மண்டையில் தடியை இறக்கினான். அவன் துடுப்பை எடுத்து வில்மெரின் தொடையில் அடித்தான். வில்மெர் அவன் மூக்கில் குத்தினான். அந்த ஆள் ரத்தம் ஒழுக உட்கார்ந்துவிட்டான். ஒரு சிப்பந்தி வந்து ரத்தத்தின் மேல் மணலைத் தூவி, அதன் மேல் காகிதப் பூவையும் தூவினான்.

“இது விபத்து இல்லையா?” என்று மலைப் பக்கத்து ஊரான துன்ஹாவிலிருந்து வந்திருந்த ஒரு ஒல்லி மனிதர் கேட்டார். அவர் பெயர் அபெலார்தோ. அதுவரை கடலையே பார்த்ததில்லை.

“இது வரவேற்பு” என்றான் வில்மெர்.

ஆணையத்தின் தலைவர் டாக்டர் கமார்கோ மேடை ஏறினார். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அந்த ஊரில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவரெல்லாம் டாக்டர்தான்.

“பெருமக்களே! மனிதர்களை எண்ணுவது கடினம். அவர்கள் நகர்கிறார்கள், குளிக்கிறார்கள், புகார் சொல்கிறார்கள். முன்பெல்லாம் நாங்கள் மனிதர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை ஒருநாளும் சரியாக வந்ததில்லை. நான் பதவிக்கு வந்த அன்று ஓர் உத்தரவு போட்டேன். மனிதரை எண்ணாதே, மிதவைச் சட்டையை எண்ணு! சட்டைக்கு எண் உண்டு. சட்டை பொய் சொல்லாது. அன்றிலிருந்து நாற்பத்திரண்டு போகிறது, நாற்பத்திரண்டு வருகிறது. உயிரைக் காப்பது சட்டை. ஆகவே சட்டையைக் காப்பது எங்கள் கடமை.”

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டாத ஒருவர் முதுகில் வில்மெர் தட்டினான்.

பிறகு ஆரஞ்சு நிறச் சட்டைகளைக் கொண்டுவந்தார்கள். பாதிரியார் வந்து அவற்றின் மேல் புனித நீர் தெளித்தார். ஆட்கள் மேல் ஒரு துளிகூடப் படவில்லை. வில்மெர் ஒவ்வொருவர் முதுகிலும் முழங்காலை ஊன்றி வாரை இழுத்துக் கட்டினான். அபெலார்தோவின் விலாவில் ‘மளுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. “வார் அறுந்திடுச்சா?” என்று வில்மெர் பதறிப்போய்ப் பார்த்தான். வார் அறவில்லை என்று தெரிந்ததும் மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

ஒதிலியாவுக்குக் கிடைத்தது பதினேழாம் எண். அதில் மீன் எண்ணெய் வாசனை அடித்தது. தோள்பட்டைப் பக்கம் ஒரு பழுப்புக் கறை, தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத கறை. மீனின் ரத்தம் எது, மனுஷன் ரத்தம் எது என்று மீன் அறுக்கிறவளுக்கா தெரியாது?

“இது போன வாரம் யாரு போட்டிருந்தது?”

“எவனோ ஒரு ஐஸ் பாக்டரிக்காரன். சட்டையைப் பாழாக்கிட்டான், தடியன். மூணு தடவை நல்ல தண்ணியில அலசினேன்” என்றான் வில்மெர், நிஜமான துயரத்தோடு.

ஒதிலியா அந்தக் கறையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அப்படியே படகில் ஏறினாள்.

கடைசியில் ஏறியவர் தீவுப் பொறுப்பாளர் தோன் புவேயோ. நீலப் பட்டுடை போட்ட அவருடைய மனைவி துறையில் நின்று அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். “ஆறு மணிக்கு வந்துடுங்க. டாக்டர் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும்.” அவர் தலையசைத்துவிட்டு, நிழல் விழும் ஒரே இருக்கையில் போய் உட்கார்ந்தார். அவருக்கும் வில்மெருக்கும் படகோட்டிக்கும் சட்டை கிடையாது. அதிகாரிகள் மூழ்கமாட்டார்கள் என்று விதியில் இருக்கிறது.

திறந்த கடலுக்குப் போனதும் விசைப்படகு அலை மேல் ஏறி ஏறி விழுந்தது. ஒவ்வொரு முறையும் நாற்பத்திரண்டு முதுகெலும்புகள் பலகையில் மோதின. முன் வரிசையில் இருந்த பள்ளி ஆசிரியை செனோபியாவின் வாய் முன் கம்பியில் இடித்து, ஒரு பல் தெறித்து வில்மெரின் மடியில் விழுந்தது.

“கடல் முத்தம் குடுத்திருக்கு! எல்லாரும் கை தட்டுங்க!” என்று கத்திய வில்மெர், டீச்சரின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினான். “தலையை அந்தப் பக்கம் திருப்புங்க டீச்சர், சட்டையில சிந்துது.”

பாதி வழியில் குளிப்பதற்காகப் படகை நிறுத்தினார்கள். வில்மெர் விசில் ஊதினான். “எல்லாரும் சட்டையைக் கழட்டிட்டுக் குதிங்க!”

“தண்ணியில இறங்கத்தானே இந்தச் சட்டை?” என்றார் அபெலார்தோ.

“உப்புத் தண்ணி பட்டா வீணாப் போயிடும் அண்ணே. இதுவரைக்கும் ஒரு சட்டைகூடக் கடல்ல நனைஞ்சதில்ல.”

அபெலார்தோவுக்கு நீச்சல் தெரியாது. தயங்கி நின்றவரைத் தோன் புவேயோ துடுப்பு முனையால் நெஞ்சில் தள்ளினார். டிக்கெட்டில் குளியல் என்று அச்சடித்திருக்கும்போது ஒருவர் குளிக்காமல் இருந்தால் கணக்கு இடிக்கும். அபெலார்தோ மூன்று முறை மேலே வந்தார். நான்காவது முறை வரவில்லை. வில்மெர் சட்டைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, “கையை ஆட்டுங்க, கையை!” என்று உற்சாகப்படுத்தினான். ஒதிலியாதான் மூழ்கிப் போய் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தாள். அபெலார்தோ படகில் கிடந்து ஒரு குடம் கடல்நீரைக் கக்கினார். சட்டை எதிலும் படவில்லை.

தீவு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், தென்னை. இறங்கியதும் சட்டைகளை ஒரு நிழற்கொட்டகைக்குள் ஆணி வரிசையில் மாட்டினார்கள். ஆட்கள் வெயிலில் நின்று சாப்பிட்டார்கள். பொரித்த மீன், தேங்காய்ச் சோறு, தட்டிப் பொரித்த வாழைக்காய். சாப்பாட்டுக்கு முன்னால் தோன் புவேயோ நாலு வார்த்தை பேசினார்.

“இந்தத் தீவில் ஒரே ஒரு விதிதான். புகார் கூடாது. புகார் என்பது விபத்தின் தொடக்கம். எனவே புகார் எழும்போதே அதை நான் அடித்து நொறுக்கிவிடுகிறேன். ஆயிரம் நாள் அமைதி சும்மா வந்துவிடுமா?”

ஒதிலியா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தென்னை மரங்களுக்கு நடுவே தேடினாள். கல்லறை மாதிரி ஏதாவது மேடு தெரிகிறதா என்றுகூடப் பார்த்தாள். அப்படிப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. அப்போது சமையல் கொட்டகையின் பின்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

“எலுமிச்சம்பழம் இல்லாம இதுக்குப் பேரு மீனா?”

இருபத்திரண்டு வருஷமாகத் தினம் கேட்ட குரல். ஓடினாள். பின்பக்கம் பதினொரு பேர் குத்தவைத்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் இடது கையால் கழுவினான். வலது கை தென்னை மட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முகம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

“அட பாவி மனுஷா!”

“ஒதிலியா! நீ எப்படி இங்க வந்தே?”

“டிக்கெட் எடுத்துட்டுத்தான். நீதான் ஊருக்கு வந்துட்டியாமே. ஜன்னல்ல சொன்னா. கட்டிலுக்கு அடியிலகூடத் தேடினேன்.”

“எலுமிச்சம்பழம் கேட்டேன், அவ்வளவுதான். புவேயோ துடுப்பால ரெண்டு போட்டாரு. நான் கீழ விழறதுக்குள்ள சட்டையைக் கழட்டிட்டாங்க, ரத்தம் பட்டுடுமாம். வில்மெரு சட்டையைப் பாத்துக்கிட்டான், புவேயோ என்னைப் பாத்துக்கிட்டாரு. சட்டை படகுல ஏறிடுச்சு. நான் நின்னுட்டேன்.”

“இவங்கள்லாம்?”

“இவங்களும் ஊர்ல இருக்கிறவங்கதான். அதோ அந்தம்மா, கணக்குப்படி போன வருஷமே ஊர் திரும்பிட்டாங்க. ஊர்ல இருக்கிறவனை ஊருக்கு எப்படிய்யா கூட்டிட்டுப் போறதுன்னு புவேயோ கேக்கறாரு. யோசிச்சா அதுவும் சரியாத்தான் இருக்கு.”

“அடிச்சதுல மூளையும் கலங்கிடுச்சா உனக்கு?” என்று சொல்லிக்கொண்டே அவன் வீங்கிய கன்னத்தில் கையை வைத்தாள். அவன் வலியில் முனகினான். கையை எடுக்காதே என்றும் சொன்னான்.

மூன்று மணிக்கு, ஊர் திரும்ப வில்மெர் விசில் ஊதினான். ஒதிலியா ஓடிப்போய் ஆணியிலிருந்து பதினேழாம் எண்ணை எடுத்துவந்து புருஷன் தோளில் மாட்டினாள்.

“நீ போ. சட்டையைத்தான் எண்ணுவாங்க, மூஞ்சியை யாரு பாக்கறா?”

“உன்னை விட்டுட்டு எப்படிடி போறது?”

“போன வாரம் போனியே, அதே மாதிரி போ.”

“அது டிக்கெட்டு ஒண்ணுதான்னு…”

“இப்பவும் சட்டை ஒண்ணுதான். கையை நுழை!”

மட்டை கட்டிய கை நுழையவில்லை. அவள் இழுத்தாள், அவன் அலறினான். சத்தம் கேட்டுத் தோன் புவேயோ துடுப்போடு வந்தார், பின்னாலேயே வில்மெர். புவேயோ நிலைமையைக் கேட்டறிந்து, ஒரு நிமிஷம் யோசித்து, நியாயமாகத் தீர்ப்புச் சொன்னார்.

“பதினேழாம் எண் ஏறலாம். உள்ளே இருப்பது யார் என்பதில் ஆணையம் தலையிடாது. நீ இங்கே இரு அம்மா. பாத்திரம் கிடக்கு.”

அவள் தலையாட்டினாள். உண்மையிலேயே இருந்துவிடத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் எவாரிஸ்தோ தலையாட்டவில்லை. இடது கையால் தோளிலிருந்து சட்டையை உருவி அவளிடம் நீட்டினான். நீட்டிய கை தளர்ந்து, சட்டை மீன் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் போய் விழுந்தது.

“சட்டை!” என்று வில்மெர் வீறிட்டான்.

புவேயோ துடுப்பைத் தலைக்கு மேல் ஓங்கி, எவாரிஸ்தோவின் உடைந்த கையிலேயே இறக்கினார். மட்டை இரண்டாகப் பிளந்தது. எவாரிஸ்தோ சத்தம்கூட வராமல் மண்ணில் சாய்ந்தான். துடுப்பு மறுபடியும் மேலே போனது.

அடுப்போரம் காலியாக ஓர் இரும்பு வாணலி கிடந்தது. நாற்பது மீனை ஒரே தடவையில் பொரிக்கிற வாணலி. அதை ஒதிலியா எப்படித் தூக்கினாள் என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை. புவேயோவின் முகத்தில் பக்கவாட்டாக அடித்தாள். கோயில் மணி அடித்தது போல ஒரு சத்தம். அவர் இரண்டு பல்லைத் துப்பினார். “இது… புகாரா?” என்று கேட்டார். “இல்ல, வரவேற்பு” என்று சொல்லி மறுபடியும் அடித்தாள்.

வில்மெர் தடியை உருவினான். ஆனால் அவனுக்கு முன்னால் செனோபியா டீச்சர் வந்து நின்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையையும் அதட்டிப் பேசாதவள், மிச்சமிருந்த பற்களால் அவன் காதைக் கவ்வினாள், விடவே இல்லை. உடைந்த விலாவோடு அபெலார்தோ ஒரு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். தட்டுக் கழுவிய பதினொரு பேரும் தட்டுகளோடு எழுந்தார்கள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். தீவைக் காக்க ஆணையம் வைத்திருந்த இரண்டு காவலாட்களையும் தென்னை மரத்தோடு மோதிப் படுக்கவைத்தார்கள். ஒரு வருஷமாக ‘ஊரில் இருந்த’ அந்த அம்மாள், புவேயோவின் விரல்களை ஒவ்வொன்றாகக் குதிகாலால் மிதித்தாள். அவசரமே இல்லாமல் மிதித்தாள். வில்மெர் மட்டும் காதில் ரத்தம் கொட்டக் கொட்டத் தவழ்ந்துபோய், சட்டை வரிசைக்கு முன்னால் கையை விரித்துப் படுத்துக்கொண்டான். “என்னை அடிங்க, சட்டையை விட்டுடுங்க!” என்றான். அவன் கேட்டபடியே செய்தார்கள்.

எல்லாம் அடங்கியபோது மணல் அங்கங்கே சிவந்திருந்தது. தூவுவதற்குக் காகிதப் பூ இல்லை. ஒதிலியா புவேயோவின் கழுத்துப்பட்டைக்கு அடியில் கயிற்றில் தொங்கிய தோணிச் சாவியை அறுத்து எடுத்தாள். தீவு மீனவர்கள் தங்கள் தோணிகளின் சங்கிலியைத் திறந்து மோட்டாரை முடுக்கினார்கள். அப்போது படகோட்டி வந்து அழாத குறையாக நின்றான். சண்டை நடந்தவரைக்கும் அவன் படகுக்கு அடியில் இருந்தான்.

“சட்டை இல்லாமப் போனா என் தோலை உரிச்சுடுவாங்க தாயி.”

“உனக்குச் சட்டைதானே வேணும்? கூட்டிட்டுப் போ.”

நாற்பத்திரண்டு சட்டைகளையும் இருக்கைக்கு ஒன்றாக உட்காரவைத்து வாரைக் கட்டினார்கள். படகு ஆளில்லாமல் கிளம்பியது. ஆட்கள் ஐம்பத்துமூன்று பேரும் தோணிகளில் ஏறினார்கள். புவேயோவையும் வில்மெரையும் தண்ணீர்த் தொட்டியடியில் கட்டிப்போட்டார்கள். கை மட்டும் கழுவ வாகாக அவிழ்த்துவிடப்பட்டிருந்தது, ஏனென்றால் பாத்திரம் கிடந்தது.

தோணிகள் மீன் இறக்கும் படிக்கட்டில் சேர்ந்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. எவாரிஸ்தோவைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒதிலியா படகுத்துறை வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அங்கே வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கமார்கோ படகின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு சட்டையையும் விரலால் தொட்டு எண்ணி முடித்தார். பதினேழில் எண்ணெய்க் கறையைப் பார்த்து நின்றவர், கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேலே போனார். காலி இருக்கைகளைப் பார்த்து வணங்கி, ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நாற்பத்திரண்டு! ஒன்றுகூட நனையவில்லை! இவ்வளவு அமைதியான பயணிகளை ஆணையம் இதற்கு முன் கண்டதில்லை. ஒரு கூச்சல் இல்லை, ஒரு புகார் இல்லை. இனி எல்லாப் பயணங்களும் இப்படியே நடக்க வேண்டும் என்பது என் கனவு!”

பலகையில் 1000 ஏறியது. கூட்டம் கைதட்டியது. நீலப் பட்டுடை அணிந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை. படகை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

“என் வீட்டுக்காரர் எங்க? தோன் புவேயோ. காலையில போனாரே!”

பெத்ரோனா காகிதத்தைப் புரட்டினாள். வாயில் மாங்காய் இருந்தது.

“போனது நாற்பத்திரண்டு, வந்தது நாற்பத்திரண்டு. வீட்டுல போய் நல்லாப் பாருங்கம்மா.”

அந்த அம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒதிலியாவுக்கு அவளைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

“கட்டிலுக்கு அடியில தேடாதீங்க, பிரயோஜனமில்ல. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு ஒரு டிக்கெட்டு எடுங்க.”

எவாரிஸ்தோ அவள் தோளிலிருந்து வீங்கிய முகத்தைச் சிரமப்பட்டுத் தூக்கினான்.

“எலுமிச்சம்பழம் கையோட கொண்டு போயிடுங்கம்மா” என்றான். “அங்க கேக்காதீங்க.”